எந்த வாய்க்கு எந்தப் பாசி: உப்புநீர்த் தொட்டி அனுபவக் குறிப்புகள்

கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் பாசியைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சு உடனே "எதை வாங்கி விடலாம்?" என்பதில் போய் நின்றுவிடுகிறது. விலங்கைத் தேடுவதற்கு முன்னால் பாசியை உற்றுப் பார்க்க வேண்டும் என்று சொல்லவே இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். ஆடு நுனியைக் கொறிக்கும். மாடு நாக்கால் சுருட்டி இழுக்கும். கடலுக்குள்ளும் அப்படித்தான். ஒவ்வொரு வாய்க்கும் எட்டுகிற பாசி வேறு. இந்த ஆண்டு என் தொட்டியில் நான் செய்ததெல்லாம் அந்த வாய்களைப் பொருத்திப் பார்த்ததுதான்.

தொட்டி சென்னையில், வீட்டின் முன்னறையில் இருக்கிறது. 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். ஏறத்தாழ 650 லிட்டர். அடியில் வடிகட்டித் தொட்டி, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர், நீரைக் குளிர்விக்கும் சில்லர். நீரின் ஒப்படர்த்தி 1.025, வெப்பநிலை 26 டிகிரி. கற்கள் எல்லாம் பீங்கானிலும் சிமெண்டிலும் செய்தவை. கடினப் பவளங்கள் நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அவற்றையோ அவை படிந்த கடற்பாறைகளையோ வீட்டில் வைக்கும் எண்ணமே எனக்கு இல்லை. கோமாளி மீன்களும் டாம்சல்களும்தான் குடியிருப்பவர்கள்.

புதிய கற்களில் தொடங்கிய தொட்டி எல்லாப் பருவங்களையும் கடந்துதான் வரும். வெற்றுக் கல்லில் இடம்பிடிக்க முதலில் வருபவை டயாட்டம்கள் என்ற பழுப்பு நுண்பாசிகள். ஜனவரியில் மணலும் கண்ணாடியும் பழுப்பாயின. அதற்கு நான் எதையும் செய்யவில்லை. நீரில் உள்ள சிலிக்கா தீர்ந்ததும் அது தானாகக் குறைந்தது. பிறகு கண்ணாடியில் பச்சைப் படலம். அதற்கு நத்தை.

நத்தையின் வாயில் ராடுலா என்ற பட்டை இருக்கிறது. அதில் நுண்பற்கள் வரிசை வரிசையாக அமைந்திருக்கும். அந்தப் பட்டையைப் பரப்பின் மேல் இழுத்து இழுத்துச் சுரண்டுகிறது. இரவில் டார்ச் அடித்துக் கண்ணாடியின் வெளியே இருந்து பார்த்தால் வாய் திறந்து மூடுவதும், அது போன வழியெல்லாம் வளைந்து வளைந்து சுத்தமான கோடு விழுவதும் தெரியும். படலத்துக்கும், அரை சென்டிமீட்டர் உயரப் புல் போன்ற பாசிக்கும் இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. பாசி விரல் நீளம் வளர்ந்துவிட்டாலோ பெரும்பாலான நத்தைகள் அதன் மேல் ஏறவே மறுக்கின்றன.

எந்த நத்தை என்பதில் ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டுக் கையேடுகள் எல்லாம் ட்ரோக்கஸ் நத்தையை முதலிடத்தில் வைக்கின்றன. கவிழ்ந்தாலும் தானாகத் திரும்பிக்கொள்ளும் என்பதால் அந்தப் புகழ் நியாயமானதுதான். ஆனால் ட்ரோக்கஸ் நிலோட்டிக்கஸ் என்ற இனம் நம் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. இனத்தைச் சரியாக அடையாளம் காண முடியாத நம்மைப் போன்றவர்கள் அந்தக் குடும்பத்தையே விட்டுவிடுவது நல்லது. மன்னார் வளைகுடாவுக்குச் சுற்றுலா போகும்போது பொறுக்கி வரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அங்கே 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1986 முதல் தேசியப் பூங்கா.

நான் கொளத்தூரில் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் டர்போ நத்தைகளும் நெரைட் நத்தைகளும் வாங்கினேன். நிறைய எடுக்கலாமா என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "தம்பி, இன்றைக்கு இருக்கிற பாசிக்கு நத்தை வாங்காதீர்கள். அடுத்த மாதம் மிஞ்சப் போகிற பாசிக்கு வாங்குங்கள். பட்டினியில் செத்த நத்தை தண்ணீரைக் கெடுக்கும்." அதன்படி குறைவாகவே வாங்கினேன். நத்தைகளுக்கு உப்பின் அளவு சட்டென மாறினால் ஆகாது. சிறு குழாய் வழியாகத் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக அவற்றின் பாத்திரத்தில் விட்டுப் பழக்கிய பிறகே உள்ளே விட்டேன். இன்னொன்று: முன்பு எப்போதாவது மீன் நோய்க்குத் தாமிர மருந்து ஊற்றிய தொட்டி என்றால், கல்லிலும் மணலிலும் தங்கிய தாமிரம் நத்தை, நண்டு, உடலெங்கும் முட்கள் கொண்ட உருண்டையான கடல் முள்ளெலி எல்லாவற்றையும் கொன்றுவிடும்.

நெரைட்டுகள் பாறைக் கரையில் அலை ஏறி இறங்கும் இடத்தில் வாழ்பவை. ஆகவே நீர்மட்டத்துக்கு மேலேயும் ஏறிவிடுகின்றன. மூடி இல்லாத தொட்டிக்கு அவை ஒத்துவராது. டர்போக்கள் வலுவானவை, ஒட்டாமல் வைத்த சிறு கல்லை இடித்துத் தள்ளிவிடும். காலி நத்தை ஓட்டுக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகளை நான் சேர்க்கவே இல்லை. பெரிய ஓடு தேவைப்படும்போது உயிருள்ள நத்தையைக் கொன்று ஓட்டை எடுத்துக்கொள்ளும் வழக்கம் அவற்றுக்கு உண்டு.

மார்ச் இறுதியில் நூல் பாசி வந்தது. மென்மையான, கரும்பச்சை இழைகள். பிடித்து இழுத்தால் கற்றையாகக் கையோடு வரும். மீன்களுக்கு நான் தாராளமாகத் தீனி போடுகிறவன். மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் உண்டாகிப் பாசிக்கு உரமாகும் நைட்ரேட் 40 பிபிஎம் (பத்து லட்சத்தில் 40 பங்கு) அளவைத் தொட்டிருந்தது. ஏப்ரலில் பின்வரிசைக் கற்கள் முழுக்க இழைகளால் மூடப்பட்டுவிட்டன.

இந்தக் கட்டத்தில்தான் வரிசை முக்கியமாகிறது. நீண்ட பாசியை முதலில் கையால் பிடுங்கிவிட்டு, எஞ்சிய அடித்தூரை விலங்குகளிடம் ஒப்படைக்க வேண்டும். ஹவாயில், ஓவாஹு தீவின் கனேயோஹே விரிகுடாவில் இதையே பெரிய அளவில் செய்தார்கள். வெளியிலிருந்து வந்து பவளப் பாறைகளை மூடிய கப்பாஃபைகஸ், யூகியூமா பாசிகளை முக்குளிப்பவர்கள் 'சூப்பர் சக்கர்' என்ற உறிஞ்சு குழாய் வழியே படகுக்கு அள்ளி ஏற்றினார்கள். பிறகு அரசுக் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்த்த ட்ரிப்னூஸ்டெஸ் கிராட்டில்லா என்ற கடல் முள்ளெலிகளை அந்தப் பாறைகளில் விட்டார்கள். மறுபடி தலைதூக்கும் துளிர்களை அவை மேய்ந்தன. கப்பாஃபைகஸ் நமக்கும் அந்நியமில்லை. மண்டபம் பகுதியில் வளர்க்கப்படும் அதே பாசி, குருசடைத் தீவின் பவளங்கள் மேல் படர்ந்தது 2008ஆம் ஆண்டிலேயே பதிவாகியிருக்கிறது.

அதே வரிசையை வீட்டில் செய்தேன். மோட்டார்களை நிறுத்திவிட்டு, ஒரு கையில் பாசி, இன்னொரு கையில் நீரை உறிஞ்சி வெளியேற்றும் சைஃபன் குழாயின் வாய். பிடுங்கும் இடத்திலேயே குழாய் இருந்தால் அறுந்த இழைகள் மிதந்து வேறு கல்லில் போய் ஒட்டாது. கழற்ற முடிந்த கற்களை வெளியே எடுத்து, எடுத்து வைத்த உப்புநீரில் பல்துலக்கும் தூரிகையால் தேய்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகள் இதிலேயே போயின.

பிறகு உள்ளே போனது ஒரு கடல் முள்ளெலி, மெஸ்பிலியா குளோபுலஸ். நீலக் கருமையில் பட்டுப்பட்டையாக இருக்கும் அழகான உயிர். அதன் வாய் உடலுக்கு அடியில் இருக்கிறது. ஐந்து பற்கள் கூம்பாகக் கூடி, கல்லையே சேர்த்துச் சுரண்டுகின்றன. நத்தை பாசியின் மேற்பகுதியை வழிக்கிறது. முள்ளெலி அடித்தூரையே எடுக்கிறது. அது போன பாதை வெள்ளையாகத் தெரியும். இளஞ்சிவப்பாக வளரத் தொடங்கிய சுண்ணப் பாசியும் அந்தப் பாதையில் சேர்ந்து போய்விடும். அந்த இழப்பை நான் மனமார ஏற்றுக்கொள்கிறேன். உதிர்ந்த சிப்பித் துண்டுகளை முதுகில் சுமந்துகொண்டு அது கல்லைச் சுற்றி வருவதைப் பார்க்க என் மகள் பள்ளி விட்டதும் தொட்டி முன்னால் வந்து நிற்கிறாள்.

முள்ளெலியின் அருமை தெரிய வேண்டுமானால் கரீபியக் கடலைப் பார்க்க வேண்டும். அங்கே 1983இல் பனாமா அருகே தொடங்கிய கொள்ளைநோய் ஓராண்டு காலத்தில் நீண்ட முட்களுடைய டயடெமா முள்ளெலிகளில் 90 சதவீதத்துக்கும் மேல் அழித்தது. மேய்வதற்கு ஆளில்லாமல் பல பவளத்திட்டுகளைப் பாசி மூடியது. 2022இல் மறுபடி ஒரு சாவு அலை வந்தது. அதற்குக் காரணம் ஒரு நுண்ணுயிரி என்று அடுத்த ஆண்டு கண்டுபிடித்தார்கள். ஒரு கடலின் தோற்றத்தையே ஒரு மேய்ச்சல் விலங்கு தாங்கி நின்றிருக்கிறது என்பதைப் படித்ததிலிருந்து என் சிறிய முள்ளெலி மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

பின்வரிசைக் கற்களின் இடுக்குகளில் கை நுழையவில்லை. அங்கே நூல் பாசி நீளமாகவே நின்றது. அந்த உயரத்துக்கு வாய் உள்ள விலங்கு கடல் முயல், டொலபெல்லா ஆரிக்குலேரியா. இது ஓடு வெளியே தெரியாத மெல்லுடலி. நீள இழைகளை அள்ளி அள்ளி விழுங்கும். பாசி தீர்ந்ததும் பட்டினி கிடக்கும். அதனால் இதை விலைக்கு வாங்கி ஒரே தொட்டியில் வைத்திருப்பது அந்த உயிருக்குச் செய்யும் கொடுமை என்பது என் உறுதியான கருத்து. நாங்கள் சில நண்பர்கள் ஒரே கடல் முயலை முறைவைத்துச் சுற்றுக்கு விடுகிறோம். மே மாதம் அது என் வீட்டுக்கு வந்தது. மோட்டார்களின் வாயில் எல்லாம் பஞ்சு உறை மாட்டினேன். உறிஞ்சப்பட்டாலோ மிரண்டாலோ ஊதா நிற மை கக்கும்; சிறிய தொட்டியில் அது பெருந்தொல்லை. எங்கள் விருந்தாளி அமைதியாக மேய்ந்தது. கற்கள் வெறிச்சோடத் தொடங்கியதும், இழைகள் இன்னும் மிச்சமிருக்கும்போதே, அடுத்த நண்பரின் தொட்டிக்கு அனுப்பிவிட்டேன்.

தின்ற பாசி எங்கே போகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. அதிலிருந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் எச்சமாகத் தண்ணீருக்கே திரும்புகின்றன. கடல் முயல் இருந்த நாட்களில் மணல் மேல் எச்சம் குவிந்தது. நைட்ரேட் இறங்கவே இல்லை. தினமும் சைஃபன் செய்தேன், ஸ்கிம்மர் கோப்பையை அடிக்கடி கழுவினேன், தீனியைக் குறைத்தேன். அடித்தொட்டியில் விளக்குப் போட்டுச் சீட்டோமார்ஃபா பாசி வளர்க்கிறேன். அது பெருகும்போது அறுத்து வெளியே எடுத்துவிடுகிறேன். கையால் பிடுங்கியதும் இப்படி அறுத்ததும்தான் உண்மையில் தொட்டியை விட்டு வெளியேறிய பாசி. ஜூலையில் நைட்ரேட் 10 பிபிஎம் பக்கம் வந்தது. அதைப் பூஜ்யமாக்க நான் முயலவில்லை. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அடியோடு தீர்ந்த தொட்டியில் டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என்ற நுண்ணுயிர்கள் கிளம்புவதுண்டு. அவற்றில் சில நஞ்சானவை. மேய வந்த நத்தைகளையே கொல்லும்.

நிரந்தரக் காவலுக்கு ஒரு மீன் தேவைப்பட்டது. கண்ணாடியையும் கல்லையும் சீப்புப் பற்களால் சுரண்டும் சலாரியாஸ் பிளென்னி எனக்கு மிகவும் பிடிக்கும். அது வாய் வைத்த இடமெல்லாம் கண்ணாடியில் உதட்டு அச்சு விழும். ஆனால் அது படலத்துக்கான வாய், அந்த வேலைக்கு நத்தைகள் இருக்கின்றன. துளிர்க்கும் இழைகளைக் கொறிக்க நம் மீனவர்கள் ஓரா என்று சொல்லும் குடும்பம்தான் சரி. மஞ்சள் உடலும் கறுப்பு வெள்ளை முகமும் கொண்ட சிகானஸ் வல்பினஸ் வாங்கினேன். இது மேற்குப் பசிபிக்கிலிருந்து வருவது. 20 சென்டிமீட்டருக்கு மேல் வளரும். நான்கடித் தொட்டிக்காரர்கள் இதை வாங்க வேண்டாம்.

ஓராவின் முதுகில் 13 முட்கள், எல்லாம் நஞ்சுள்ளவை. அதுவாக வந்து குத்தாது. நாம் கையை விட்டுக் கல்லை நகர்த்தும்போது மிரண்டு முள் பட்டால் கடும் வலி. தடித்த கையுறை போடாமல் நான் இப்போது தொட்டிக்குள் கை வைப்பதில்லை. குத்திவிட்டால் பொறுக்கும் அளவு சூடான நீரில் கையை வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். வந்த புதிதில் விளக்கை அணைத்ததும் அதன் மஞ்சள் மறைந்து உடலெல்லாம் அழுக்குப் பழுப்புத் திட்டுகள் வந்தன. அது நோயல்ல, இரவுநேர மறைவு நிறம். விடிந்ததும் மஞ்சள் திரும்பிவிடும்.

செப்டம்பரில் கற்களில் நூல் பாசி கண்ணுக்குத் தெரியவில்லை. ஓரா நாள் முழுக்கக் கல்லைக் கொறித்துக்கொண்டே இருக்கிறது. இப்போது என் கவலை அதன் வயிறு. பாம்பன் பக்கத்திலிருந்து காய்ந்த கஞ்சிப்பாசி வரவழைத்து, ஊறவைத்து, கிளிப்பில் மாட்டித் தொங்கவிடுகிறேன். ஜப்பானிய நோரித் தாளைவிட இதை ஆவலாகத் தின்கிறது, விலையும் குறைவு. முள்ளெலிக்கும் ஒரு துண்டைக் கல்லோடு ரப்பர் வளையத்தால் கட்டிவைக்கிறேன்.

மோட்டாரின் பின்னால், வெளிச்சம் குறைந்த மூலையில், குமிழ்ப் பாசி நான்கைந்து உருண்டைகள் வந்திருக்கின்றன. ஒவ்வொரு உருண்டையும் ஒரே ஒரு செல். நத்தையும் முள்ளெலியும் அதைத் தொடவில்லை. ஓரா ஒன்றைக் கவ்விப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. உடையாமல் அடியோடு நெம்பி, சைஃபன் குழாய்க்குள்ளேயே விழும்படி எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெருகினால் மரகத நண்டு கிடைக்குமா என்று கொளத்தூர்ப் பெரியவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அந்த நண்டின் கொடுக்கு நுனி கரண்டியாகக் குழிந்திருக்கும். குமிழைப் பிடித்து உடைத்துத் தின்ன அதற்கு வசதி.