ஓவர்கிளாக் செய்த (பிராசசர் வேகத்தைக் கூட்டிய) கணினி கேம் நடுவில் நிற்கிறதா?

சுங்கை சிப்புட் பக்கத் தோட்டப்புறத் தம்பிகளே, கணினி பாதியில் நின்றதும் வோல்டேஜில் கை வைக்காதீர்கள். முதலில் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை), ராம் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பியை அணைத்து ஓட்டிப் பாருங்கள். பல நேரம் பழி பிராசசர் மேல், குற்றம் ராம் மேல்.

அப்படியும் நின்றால் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில், வன்பொருள் பிழைகளைக் குறித்து வைக்கும் டபிள்யூஎச்இஏ லாகர் பதிவைத் தேடுங்கள். அதன் ஈவென்ட் ஐடி எண் 19 என்றால் பிழை தானாகவே திருத்தப்பட்டது, 18 என்றால் திருத்த முடியவில்லை. 19 மட்டும் வந்தாலும் அந்த வேகம் நிலையானது இல்லை. பிராசசர் வேகத்தைத் தீர்மானிக்கும் மல்டிபிளையரை ஒரு படி இறக்குங்கள். 100 மெகாஹெர்ட்ஸ்தான் குறையும், கேமில் கண்ணுக்கே தெரியாது. மனமில்லை என்றால் 0.01 வோல்ட் ஏற்றி, ஒவ்வொரு முறையும் பிராசசரை முழுச் சுமையில் சோதிக்கும் பிரைம்95 மென்பொருளின் ஸ்மால் எஃப்எஃப்டி சோதனையை அரை மணி நேரம் ஓட்டுங்கள்.

சோதனையைப் பிற்பகல் 2 மணிக்குச் செய்யுங்கள். தகரக் கூரை காயும்போது அறையில் ஏறும் 8 டிகிரி அப்படியே சிப்பிலும் ஏறும். சூடான சிப் அதே வேகத்துக்குக் கூடுதல் வோல்டேஜ் கேட்கும். இரவில் தாங்கியது பகலில் விழுவது அதனால்தான். ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே செம்மண் தூசி கம்பளம் மாதிரி படிந்திருக்கும். விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, பெயின்ட் பிரஷால் தட்டி எடுங்கள்.