சறுக்கியவரின் தலையில் விழுந்த அடி

அமெரிக்கக் கால்பந்தில், அணியின் தாக்குதலை வழிநடத்தும் குவாட்டர்பேக் பந்தோடு ஓடிக் கால்களை நீட்டிச் சறுக்கிவிட்டால் அதன்பின் அவர்மேல் மோதக்கூடாது. 2024 டிசம்பர் 1 அன்று ஜாக்சன்வில் அணியின் டிரெவர் லாரன்ஸ் அப்படித்தான் சறுக்கினார். ஹூஸ்டன் வீரர் அஸீஸ் அல்-ஷாயிர் பாய்ந்து வந்து முன்கையால் தலையில் மோதினார். தரையில் கிடந்த லாரன்ஸின் கைகள் விறைத்து நின்ற காட்சி இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அல்-ஷாயிருக்குச் சம்பளமில்லாமல் 3 ஆட்டங்கள் தடை. அவர் மன்னிப்புக் கேட்டார், அது நல்லதுதான். ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. 2019இல் வான்டேஸ் பர்ஃபிக்ட் என்ற வீரர் தலைக்கவசத்தால் மோதியதற்கு, பருவத்தில் எஞ்சிய 12 ஆட்டங்களும் பறிபோயின. அவர் ஏற்கெனவே பலமுறை தண்டிக்கப்பட்டவர், உண்மை. அந்தக் கடுமை, மூளையைக் கலக்கும் முதல் அடிக்கே வர வேண்டும்.