பீரங்கிக்கு முன்னால் வந்த பேரேடு

முல்லைத்தீவுப் பிள்ளைகளிடம் வெள்ளைக்காரன் எப்படி வந்தான் என்று கேட்டால் ஆங்கிலேயரை எதிர்த்த வன்னி மன்னன் பண்டாரவன்னியனைத்தான் சொல்வார்கள். முல்லைத்தீவுக் கோட்டை, கற்சிலைமடு, 1803 ஒக்ரோபர் 31 என்று வெட்டிய நடுகல். வாளும் பீரங்கியும் உள்ள கதை மனதில் நன்றாகப் பதியும். அரபு நாடுகள் அடிமைப்பட்ட கதையையும் அப்படியே சொல்லிவிடுகிறோம்: கப்பல் வந்தது, குண்டு போட்டது, நாட்டைப் பிடித்தது.

நான் புதுக்குடியிருப்புப் பக்கத்தில் ஒரு சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். நாள் முழுக்கக் காசேடும் பேரேடும்தான். அதனாலோ என்னவோ, எகிப்தின் வரலாற்றை வாசிக்கும்போது கடன் பத்திரங்கள்தான் என் கண்ணில் முதலில் பட்டன. எகிப்துக்கு ஆங்கிலேயப் படை வந்தது 1882இல். ஐரோப்பியக் கணக்காளர்கள் வந்து உட்கார்ந்தது 1876இல். இடையில் ஆறு வருடம். அந்த ஆறு வருடத்தைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்தபோது அங்கிருந்து பஞ்சு வரவில்லை. எகிப்தியப் பருத்திக்கு விலை ஏறியது. 1863இல் பட்டத்துக்கு வந்த இஸ்மாயில், அந்த விலை என்றைக்கும் நிற்கும் என்று நம்பி ரயில் பாதை, வாய்க்கால், துறைமுகம், அரண்மனை என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்கினார். 1865இல் போர் முடிந்தது, பருத்தி விலை விழுந்தது. 1869இல் சுயஸ் கால்வாயைத் திறந்தபோது ஐரோப்பிய அரச குடும்பங்களுக்கு விருந்து வைத்த காசும் கடன்தான். 1876 வரும்போது கடன் 9 கோடி பவுணைத் தாண்டியிருந்தது.

அதில் 1873ஆம் ஆண்டுக் கடனைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பத்திரத்தில் 3 கோடி 20 இலட்சம் பவுண். எகிப்துக்கு வந்தது ஏறத்தாழ 2 கோடி. அதிலும் ஒரு பெரும் பங்கு காசாக வரவில்லை, எகிப்தின் பழைய கடன் பத்திரங்களாகவே வந்தது. வட்டியோ முழு 3 கோடி 20 இலட்சத்துக்கும்.

இதை வாசித்த கிழமைதான் கைவேலியிலிருந்து ஒரு அக்கா தன் நுண்கடன் அட்டையைக் கொண்டு வந்தார். கொழும்பில் தலைமையகம் உள்ள ஏதோ ஒரு கொம்பனி. அட்டையில் 50,000 ரூபா. ஆவணக் கட்டணம், காப்புறுதி, முதல் தவணை எல்லாம் கழித்து அவர் கையில் கொடுத்தது 44,000. "தங்கச்சி, நான் வாங்கினது ஐம்பதோ நாப்பத்திநாலோ?" என்று கேட்டார். குழுக்கடன் என்பதால் அவர் ஒரு கிழமை கட்டாவிட்டால் பக்கத்து வீட்டுப் பெண் கட்ட வேண்டும். சேலைத் தலைப்பில் முடிந்திருந்த காசை அவிழ்த்து மேசையில் எண்ணி எண்ணி வைத்தார், நூறும் இருபதுமாக. அந்த அட்டையின் விளிம்பு பிடித்துப் பிடித்துக் கறுத்துப் போயிருந்தது. நான் உண்மையான வட்டியைக் கணக்குப் போட்டுத் தாளில் எழுதிக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்துக்கொண்டார்.

சரி, எகிப்துக்கு வருவோம். 1875இல் கால்வாயில் தன் கையில் இருந்த பங்குகளை இஸ்மாயில் பிரித்தானிய அரசுக்கு விற்றார். கிட்டத்தட்ட 40 இலட்சம் பவுண் விலை. அடுத்த வருடம் தவணை கட்ட முடியாமல் நின்றதும் கடன்காரருக்காகவே ஓர் ஆணையம் அமைத்தார்கள். ரயில், துறைமுகம், சுங்கம், சில மாகாணங்களின் வரி எல்லாம் நேராக அதற்கே போனது. 1878இல் ஒரு ஆங்கிலேயர் நிதியமைச்சர், ஒரு பிரெஞ்சுக்காரர் பொதுவேலைகள் அமைச்சர். படையெடுப்பு ஒன்றும் நடக்கவில்லை, அமைச்சரவை மட்டும் கைமாறியது. எதிர்த்துப் பார்த்த இஸ்மாயிலை 1879இல் எகிப்துக்கு மேலாட்சியாக இருந்த ஒட்டோமன் சுல்தானைக் கொண்டே பதவியிறக்கி, மகன் தௌபீக்கை வைத்தார்கள். 1880இல் சட்டம் போட்டு நாட்டின் வருமானத்தில் பாதியளவைக் கடனுக்கென்று ஒதுக்கினார்கள். கால்வாய் இலாபத்தில் எகிப்துக்கு இருந்த 15 சதவீத உரிமையும் அதே வருடம் விலைபோனது. தன் மண்ணில், தன் கமக்காரரைக் கட்டாய வேலைக்குப் பிடித்து வெட்டத் தொடங்கிய கால்வாய் அது.

இதையெல்லாம் கட்டியவன் யார்? நைல் கரைக் கமக்காரன். 1877இல் நைலில் வெள்ளம் போதவில்லை, மேல் எகிப்தில் பஞ்சம் வந்தது, வரியோ நிற்கவில்லை. வரிகாரன் சாட்டையோடு வருவான், பின்னால் வட்டிக்காரன் வருவான், அறுவடைக்கு முன்பே விளைச்சலை அடிமாட்டு விலைக்கு எழுதி வாங்குவான். வன்னியில் காலபோகத்துக்கு முன் விதைநெல்லுக்கும் உரத்துக்கும் அலைகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்தக் கமக்காரர் மத்தியிலிருந்து எழுந்தவர்தான் அஹமத் உராபி. சகாசீக் பக்கத்தில் ஒரு கிராமத் தலைவரின் மகன், படையில் கேணல். நம் நாட்டில் ஒராபி பாஷா என்றால் தெரியும். 1881 செப்டெம்பர் 9ஆம் திகதி கெய்ரோவில் அப்தீன் அரண்மனை முன்னால் படையோடு நின்று பாராளுமன்றம் வேண்டும் என்று கேட்டார். அவரைக் கலகக்காரர் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் பிரித்தானியாவும் பிரான்ஸும் எதற்காகச் சினந்தன என்று பாருங்கள். புதிய சபை, கடனுக்கு ஒதுக்காத மீதி வரவுசெலவை மட்டுமாவது தான் வாக்கெடுத்துத் தீர்மானிக்கக் கேட்டது. கடன்காரரின் பங்கில் கை வைக்கவே இல்லை. அதற்கே 1882 ஜனவரியில் இரண்டு நாடுகளும் கூட்டாக எச்சரிக்கை அனுப்பின. ஜூலை 11ஆம் திகதி பிரித்தானியக் கப்பல்கள் அலெக்சாந்திரியாவில் குண்டு போட்டன, நகரம் எரிந்தது. செப்டெம்பர் 13இல் தெல் எல் கெபீரில் உராபியின் படை உடைந்தது. அந்த வரவுசெலவுச் சண்டைதான் எனக்கு முழுக் கதையின் நடுப்புள்ளி. ஒரு சபை தன் மீதிக் காசை எண்ணிப் பார்க்கக் கேட்டதற்கு ஒரு துறைமுக நகரம் எரிந்தது.

மரண தண்டனையை நாடுகடத்தலாக மாற்றி, உராபி உட்பட ஏழு பேரை 1883 ஜனவரியில் கொழும்பில் இறக்கினார்கள். எங்கள் கண்டி அரசனை வேலூருக்கு அனுப்பியவர்கள், எகிப்தியரை எங்களிடம் அனுப்பினார்கள். ஒருவரின் ஊர் இன்னொருவருக்குச் சிறை. சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தமிழில் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கொழும்பு முஸ்லிம்கள் திரண்டு வந்து பாஷாவைப் பார்த்தார்கள். 1892இல் மருதானையில் தொடங்கிய ஸாஹிறாப் பள்ளிக்கு உராபி பெரும் துணையாக இருந்தார். கண்டியில் அவர் இருந்த வீடு இன்று நினைவில்லம். 1901இல்தான் ஊர் திரும்பினார்.

உராபியைவிட என் மனதைப் பிடித்தவர் அவரோடு வந்த மஹ்மூத் சாமி அல் பாரூதி. பெரும் கவிஞர், 1882இல் சில மாதங்கள் பிரதமராகவும் இருந்தவர். மனைவி எகிப்தில் இறந்த செய்தி அவருக்கு இங்கேதான் வந்து சேர்ந்தது. அடக்கத்துக்குப் போக முடியாமல் இரங்கற்பா எழுதினார். 2009க்குப் பிறகு முகாமிலிருந்து ஊர் திரும்பிய எத்தனையோ பேருக்கு அந்த நிலைமை தெரியும், செத்தவரின் முகம் பார்க்காமல் அழுவது. ஏழு பாஷாக்களில் சிலர் இந்த மண்ணிலேயே கண்ணை மூடினார்கள்.

துனீசியாவும் இதே வழிதான்: 1869இல் நிதி ஆணையம், 1881இல் பிரெஞ்சுப் படை. மொரோக்கோவில் 1904, 1910 கடன்கள், 1912இல் நாட்டைப் பிரான்ஸின் கைக்குக் கொடுத்த பாதுகாவல் ஒப்பந்தம்.

அல்ஜீரியா கதை தலைகீழ். அங்கே கடன்பட்டது பிரான்ஸ். 1790களில் பிரெஞ்சுப் படைக்கு அல்ஜியர்ஸ் வணிகர்கள் கோதுமை கொடுத்தார்கள், காசு வரவில்லை. 1827இல் அல்ஜியர்ஸ் ஆட்சியாளர் ஹுசைன் கடனைக் கேட்ட இடத்தில் பிரெஞ்சுத் தூதருடன் வாய்த்தர்க்கம் முற்றி, ஈயோட்டியால் தட்டினார். அந்த அவமானத்தைச் சாட்டாக வைத்து 1830இல் படை இறங்கியது. கருவூலத்தில் இருந்த கிட்டத்தட்ட 5 கோடி பிராங்க் பிரான்சுக்குப் போனது. 1871இல் மொக்ரானி தலைமையில் மக்கள் எழுந்தபோது, அடக்கிய பிறகு 3 கோடி 60 இலட்சம் பிராங்க் தண்டம் விதித்து, நிலத்தையும் பறித்தார்கள். சொந்தக் காணியைத் திரும்பக் காசு கொடுத்து வாங்கிய கிராமங்கள் உண்டு. கொடுத்த கடனைக் கேட்டவனுக்கும் படை, வாங்கிய கடனைக் கட்ட முடியாதவனுக்கும் படை. பலம் உள்ளவன் பக்கத்தில் பேரேடு எந்தப் பக்கம் திறந்தாலும் ஒரே மீதிதான் வரும்.

எகிப்தில் படை "சிறிது காலம்" என்று வந்தது. கடன் ஆணையத்துக்குப் பிரித்தானியாவின் ஆளாக வந்த எவ்லின் பேரிங், லண்டன் பேரிங் வங்கிக் குடும்பத்தவர், 1883 முதல் 1907 வரை நாட்டையே நடத்தினார். குரோமர் பிரபு என்று பட்டமும் கிடைத்தது. அந்த ஆணையம் 1940 வரை இருந்தது. 1956 ஜூலை 26ஆம் திகதி எகிப்திய ஜனாதிபதி நாசர் கால்வாயைத் தேசியமயமாக்கினார். அதற்குப் பிறகும் பழைய பங்குதாரருக்கு எகிப்து இழப்பீடு கட்டியது. 1977இல் சர்வதேச நாணய நிதியத்தின் நெருக்குதலில் பாண், மா, எண்ணெய் மானியத்தை வெட்டப் போனபோது கெய்ரோ தெருக்கள் கொதித்தன. 1984இல் துனீசியாவிலும் அதே பாண் பிரச்சினை.

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. 2023 மார்ச்சில் நாணய நிதியத்தின் ஏறத்தாழ 300 கோடி டொலர் திட்டம் வந்தது. இனி வரவுசெலவை யார் தீர்மானிப்பது என்று செய்தியில் பேசும்போதெல்லாம் எனக்கு 1882 ஜனவரிதான் நினைவுக்கு வருகிறது. இஸ்மாயில் ஊதாரி, நம் ஆட்சியாளர்களும் ஊதாரிகள், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஊதாரி கையெழுத்து வைக்கிறான், சாட்டை நைல் கரையில் விழுகிறது. வட்டிக்குக் கொடுத்தவனுக்கும் பொறுப்பு இருக்கிறது என்று சொல்ல நமக்கு ஏன் இவ்வளவு தயக்கம்? 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்ததும், எங்கள் பெண்கள் வீதியில் இறங்கிக் கேட்ட பிறகுதான்.

எங்கள் சங்கக் கடன் விண்ணப்பத்தில் "கடன் தொகை" என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் "கையில் கிடைக்கும் தொகை" என்று இன்னொரு கட்டம் போட வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் கேட்டேன். எங்கள் சங்கத்தில் ஒன்றும் கழிப்பதில்லையே, பிறகு எதற்கு என்று தலைவர் ஐயா கேட்டார். வேறு இடத்தில் கடன் வாங்கப் போகும்போது அந்தக் கட்டம் எங்கே என்று எங்கள் அங்கத்தவர்கள் கேட்கப் பழகட்டும் என்றேன். எகிப்தின் 1873 கணக்கையும் சொன்னேன். ஒப்புக்கொண்டார்கள். அச்சுக்கு அடுத்த மாதம் போகிறது.