பஞ்சுவின் சடையும் மூன்று மெஷின்களும்

ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஆனி, ஆடியில் மழை என்றால் கோத்தகிரியில் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகைதான் கொட்டும். அந்த இரண்டு மாதமும் எதுவும் காயாது, துணியானாலும் சரி, நாயானாலும் சரி. எங்கள் பஞ்சு லாசா ஆப்சோ, நீளமுடி நாய் இனம். தேயிலைத் தோட்டத்துக்குள் ஓடிவிட்டு வந்தால் வயிற்று முடியில் சேறும் சருகும் தொங்கும். துவட்டிவிடுவேன், அடிமுடி ஈரமாகவே இருக்கும். எனக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் சீப்பைத் தொடவில்லை. காதுக்குப் பின்னால், அக்குளில், தொடையிடுக்கில் எல்லாம் சடை விழுந்து தோலோடு கெட்டியாகிவிட்டது.

முதலில் வீட்டுக்காரரின் தாடி டிரிம்மரை எடுத்தேன். அரை நிமிடம் முனகிவிட்டு முடியைக் கவ்விக்கொண்டு நின்றது. பஞ்சு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். (அந்த டிரிம்மரை அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.)

அடுத்தது ஆன்லைனில் வாங்கிய நாய்முடி வெட்டும் மெஷின், 1,400 ரூபாய். பெட்டி நிறைய பிளேடின் மேல் மாட்டும் பிளாஸ்டிக் சீப்புகள், கத்தரிக்கோல், நகவெட்டி. நான் ஏமாந்தது அங்கேதான். அந்தச் சீப்புகள் சிக்கில்லாத முடியில்தான் ஓடும். சடைக்குள் நுழையவே நுழையாது. சீப்பைக் கழற்றிவிட்டு வெறும் பிளேடை வைத்தால் ஐந்தே நிமிடத்தில் இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது. தொடையிடுக்கில் சின்னதாக ஒரு வெட்டும் விழுந்தது. மருத்துவர் மருந்து போட்டுவிட்டு, "நல்லவேளை, கத்தரிக்கோலை எடுக்கல" என்றார். சடை தோலையும் சேர்த்து இழுத்து வைத்திருக்கும். முடி என்று நினைத்துத் தோலையே வெட்டிவிடுவோமாம்.

எதிர்வீட்டுப் பெரியவர் ஊட்டிப் பக்கம் சாண்டிநல்லா ஆட்டுப் பண்ணையில் கம்பளி கத்தரித்தவர். நான் மெஷினைப் பிடித்த விதத்தைப் பார்த்தே தலையில் அடித்துக்கொண்டார். "இடது கையால தோலை இழுத்துப் பிடிம்மா. பிளேடைப் படுக்க வை. நுனியைக் குத்தினா தோலைக் கடிக்காம என்ன செய்யும்?" கையோடு மெஷினையும் காதருகே வைத்துக் கேட்டார். "மோட்டாருக்கே மூச்சு வாங்குது. இதைத் தூக்கிப் போடு."

அப்புறம்தான் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினேன். கையில் எடுத்து, ஓடவிட்டுப் பார்த்து வாங்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது. முதலில் கேட்டது, பிளேடு தனியாகக் கழன்று வருமா என்பதை. 'ஏ5' என்று ஒரு வகை இருக்கிறது. வால் (Wahl), ஆண்டிஸ், ஆஸ்டர் ஆகிய மூன்று கம்பெனிகளிலும் அந்த வகை மாடல்கள் உண்டு, ஒன்றின் பிளேடு மற்றதில் மாட்டும். மழுங்கினால் சாணை பிடிக்கலாம். சூடேறினால் வேறொன்றை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடரலாம்.

பிளேடின் எண்தான் எனக்குத் தலைகீழாகப் பட்டது. எண் கூடக் கூட மிஞ்சும் முடி குறையும். 10 என்றால் ஒன்றரை மில்லிமீட்டர்தான் நிற்கும், 4 எஃப் என்றால் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கடைப்பையன் 7 எஃப் எடுக்கச் சொன்னான், மூன்று மில்லிமீட்டர். கோவை வெயிலுக்குச் சரி. எங்கள் ஊர் மார்கழிக் குளிருக்கு அது அநியாயம். சடைக்கு ஒரு 10, உடம்புக்கு ஒரு 4 எஃப் வாங்கினேன். பேட்டரியில் மட்டுமல்லாமல் வயர் செருகியும் ஓடுகிற மெஷினாகப் பார்த்தேன். பாதி நாயோடு சார்ஜ் தீர்ந்து உட்கார்ந்த அனுபவம் ஒருமுறை போதும். எல்லாம் சேர்ந்து பத்தாயிரத்தைத் தாண்டியது. வீட்டில் இன்னும் பாதி விலைதான் சொல்லியிருக்கிறேன்.

வந்தவுடன் வெட்டவில்லை. ஒரு வாரம் பஞ்சு சாப்பிடும்போது மெஷினைத் தள்ளி வைத்துச் சும்மா ஓடவிட்டேன். நாலாம் நாள் அவள் திரும்பியே பார்க்கவில்லை. குளிப்பாட்டுவதற்கு முன்பே 10 பிளேடால் சடைகளை அடியோடு எடுத்தேன். நனைந்தால் சடை இன்னும் இறுகும். பிறகு குளியல், டிரையரில் மிதமான சூடு, சீப்பு. முடி நன்றாகக் காய்ந்தபின் 4 எஃப்பை வளர்ந்த போக்கிலேயே ஓட்டினேன். ஈரமும் மண்ணும் இருந்தால் எவ்வளவு நல்ல பிளேடும் மழுங்கிவிடும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பிளேடை என் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்த்தேன். எனக்குச் சுட்டால் அவளுக்கும் சுடும். நடுவில் இரண்டு முறை எண்ணெய் விட்டேன்.

ஒன்று மட்டும். பக்கத்துத் தெரு பொமரேனியனுக்கும் வெட்டிவிடச் சொல்லி வந்தார்கள், மறுத்துவிட்டேன். பொமரேனியன் மாதிரி அடர்ந்த உள்முடியுள்ள நாய்களுக்கு ஒட்ட வெட்டினால் பழையபடி வளராமலே போகலாம். சீப்பு வாங்கச் சொல்லி அனுப்பினேன்.

மொத்தம் இரண்டரை மணி நேரம், ஒரு கீறல் இல்லை. வாசலில் குவித்திருந்த முடியைப் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்.

"கம்பளி எத்தனை கிலோ தேறுச்சு?"