வழிவிட்ட நந்தியின் முன்னே

அம்மா ஒன்பது ஆண்டுகளாக மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த காணிக்கைக் காசைத் திருப்புன்கூர் சிவலோகநாதருக்குச் செலுத்தும் பேறு எங்களுக்குச் சென்ற மாதம்தான் வாய்த்தது. எனக்கும் தம்பிக்கும் நடந்த வழக்கு தீர்ந்தால் பிள்ளைகள் இருவரையும் ஒன்றாக அழைத்து வந்து நிறுத்துகிறேன் என்பது அவருடைய வேண்டுதல். வழக்கு பெரிய சொத்துக்காக அன்று. என் வயலோரமாகத் தம்பியின் வயலுக்குச் செல்லும் எட்டடி அகல வண்டிப்பாதைக்காக. அவன் கேட்டது வழி. நான் மறித்ததற்கு, மறிக்கும் அதிகாரம் என் பட்டாவில் இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

வழியில் இன்னொரு பெரிய கோயிலுக்கும் சென்றோம். வண்டியை விட்டு இறங்குவதற்குள் ஒருவர் வந்து ஒட்டிக்கொண்டார். தலைக்கு முந்நூறு ரூபாய் கொடுத்தால் பத்தே நிமிடத்தில் சாமி பார்த்துவிடலாம் என்றார். அம்மாவின் முழங்கால் வலியைச் சாக்கிட்டு நானும் பணத்தை நீட்டினேன். அவர் எங்களைப் பக்கவாட்டில் அழைத்துச் சென்று, நகர்ந்துகொண்டிருந்த தர்ம தரிசன வரிசையைக் கையால் மறித்து, எங்கள் மூவரையும் உள்ளே நுழைத்தார். மறிக்கப்பட்ட இடத்தில் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். குழந்தையின் உள்ளங்கையில் ஒற்றைச் செம்பருத்தி கசங்கிக் கருத்திருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள் என்று அந்தப் பூவே சொல்லியது. வெளியே வந்ததும் அம்மா, "ஏம்ப்பா, அந்தப் புள்ள நமக்கு முன்னாடி நின்னவதானே?" என்று மட்டும் கேட்டார். உங்கள் முழங்காலுக்காகத்தான் என்றேன். அந்த ஆள் முழங்காலைப் பார்த்தா கூட்டிப் போனார் என்று தம்பி முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

வைத்தீஸ்வரன்கோயிலிலிருந்து மேற்கே மூன்று கிலோமீட்டர் சென்றால் திருப்புன்கூர். நாங்கள் போன வேளையில் கூட்டமே இல்லை. நந்தி பெரியது, சந்நிதிக்கு நேராக இல்லாமல் சற்றே ஒதுங்கிக் கிடக்கிறது. எத்தனையோ முறை கேட்ட கதைதான், ஆயினும் அந்த இடைவெளியைக் கண்ணால் கண்டபோது எனக்குக் கால் நகரவில்லை. ஆதனூர்த் திருநாளைப்போவார் என்னும் நந்தனார், கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்தவர். அவர் கொடுத்த தோலின் முழக்கம் கருவறை வரை சென்றிருக்கும். அவரோ வாயிலோடு நின்றார். நேரே நின்று கும்பிட அவர் ஏங்கியபோது சுவாமி தம் போரேற்றை விலகச் செய்தார் என்று பெரியபுராணத்தில் சேக்கிழார் பாடுகிறார். ஏறுதான் விலகியது, மனிதர் எவரும் விலகியதாக அந்தப் புராணத்தில் நான் படித்ததில்லை. அவர் பிறந்த குலத்தார் இந்தக் கோயில்களுக்குள் உரிமையோடு நுழைய 1947-இல் ஒரு சட்டமே வேண்டியிருந்தது. அதன் பிறகும், பணம் கொடுத்து இன்னொருவரின் வரிசையை மறிக்கும் என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம்.

மழை வேண்டிப் பன்னிரு வேலி நிலமும், பெய்த மழை பெருவெள்ளமாகவே அது தணிய மீண்டும் பன்னிரு வேலியும் இந்த ஈசனுக்குக் கொடுக்கப்பட்டதைச் சுந்தரர் இத்தலத்துப் பதிகத்தில் பாடியிருக்கிறார். நான் எட்டடிக்காக ஒன்பது ஆண்டுகள் நீதிமன்றப் படியேறியவன். குருக்கள் தீபத்தை உயர்த்தியதும், புற்று வடிவாக எழுந்தருளிய சுயம்பு மூர்த்தியின் கவசம் அந்த ஒளியில் மின்னியது. நந்தி விட்ட வழியாக அந்த ஒளி என் மேலும் வந்து விழுந்தது. என்ன வேண்டிக்கொள்வதென்றே தெரியவில்லை. என் அப்பனே, எனக்குமா வழி விட்டாய் என்று வாய்விட்டு அழுதேன். தேவாரம் சொல்ல எண்ணியிருந்தேன். ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை.

அம்மாவால் மஞ்சள் துணியின் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. ஒன்பது ஆண்டுகளில் அது இறுகிப் போயிருந்தது. தம்பி துணியைப் பிடித்துக்கொள்ள, நான் பல்லால் கடித்து இழுத்தேன். உள்ளே பதினொரு ரூபாய். பத்து ரூபாய் நோட்டு மடிப்பிலேயே கிழிந்திருந்தது. ஒரு ரூபாய்க் காசில் மஞ்சள் ஏறியிருந்தது. அம்மா இரண்டையும் தம்பியின் கையில் வைத்து, அவன் கையை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி உண்டியலைக் காட்டினார்.