மனக்கணக்குப் போட்டி: எந்த எண்ணுக்கு எந்த வழி

போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு ஷார்ட்கட் தெரியாமல் இல்லை. யூடியூபில் பார்த்துப் பதினைந்து இருபது சேர்த்து வைத்திருக்கிறார்கள், கேட்டால் ஒப்பிக்கிறார்கள். ஆனால் தாளில் 64 × 125 என்று வந்ததும் "நாலஞ்சு இருபது, பூஜ்ஜியம் போட்டு மிச்சம் ரெண்டு" என்று வலது ஓரத்திலிருந்து ஆரம்பித்துவிடுகிறார்கள். எட்டால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 8000 என்று அவர்களுக்கே தெரியும். அந்த நேரத்தில் ஞாபகம் வருவதில்லை, அவ்வளவுதான்.

பள்ளிக்கூட நாளில் நானும் இந்தப் போட்டிகளில் உட்கார்ந்தவள். இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டு மாடியில் சாயங்காலம் சில பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். என் அனுபவத்தில், கணக்கைப் பார்ப்பதற்கும் போட ஆரம்பிப்பதற்கும் நடுவில் இருக்கும் ஒரு நொடியைத்தான் பழக்க வேண்டும். அந்த நொடியில் எண்ணை அடையாளம் கண்டுவிட்டால் மிச்சம் எல்லாம் வாய்ப்பாடு.

அதற்கு நான் செய்ய வைப்பது இது. சின்னச் சின்ன அட்டைகளில் ஒரு பக்கம் கணக்கு, மறுபக்கம் விடை இல்லை, வழியின் பெயர் மட்டும். 84 × 86 என்றால் பின்னால் "கடைசி இலக்கம் கூட்டினா பத்து". 59 × 61 என்றால் "60-க்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்". 97 × 88 என்றால் "நூறுக்குக் குறைவு". ஆரம்ப நாட்களில் யாரும் விடை சொல்லக் கூடாது, பெயர் மட்டும்தான். பிள்ளைகளுக்கு இது பெரிய தண்டனை மாதிரி இருக்கும். "அக்கா, விடையே வந்துடுச்சு, சொல்லிடவா?" என்று கெஞ்சுவார்கள். சொல்ல விடுவதில்லை. அட்டைக் கட்டுக்குள் நாலைந்தின் பின்பக்கம் "நேராப் போடு" என்று எழுதி வைத்திருப்பேன். 73 × 58 போன்றவை. குறுக்குவழி இல்லாத கணக்கில் குறுக்குவழி தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்தான் நிறைய நேரம் போகிறது. 73-ஐ அறுபதால் பெருக்கி 4380, இரண்டு 73 கழித்தால் 4234, முடிந்தது.

கண் முதலில் தேட வேண்டியவை 25, 75, 125, 375, 625. இதற்கு நம் ஊர் பின்னப் பெயர்களைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரி வாங்கப் போனால் வயதான வியாபாரிகள் கால்குலேட்டரைத் தொடாமல் சொல்வார்கள். கிலோ 880 ரூபாய், 375 கிராம் என்ன விலை? 375 கிராம் என்பது காலே அரைக்கால் கிலோ. கால் 220, அதில் பாதி அரைக்கால் 110, ஆக 330. ஆயிரத்தில் 125 அரைக்கால், 375 காலே அரைக்கால், 625 அரையே அரைக்கால், 875 முக்காலே அரைக்கால். இது மனதில் இருந்தால் 72 × 375 பயமுறுத்தாது. 72-இல் அரைக்கால் 9, மூன்று அரைக்கால் 27, விடை 27000. 64 × 625? அரை 32, அரைக்கால் 8, விடை 40000. சதவீதக் கணக்கில் 6.25 வந்தால் அது வீசம், பதினாறில் ஒன்று. 480-க்கு 30. பேச்சுவாக்கில் நாம் சொல்லும் "முக்காலே மூணு வீசம்" கணக்கில் 93.75 சதவீதம். 1600-க்குக் கேட்டால் ஒரு வீசமான நூறைக் கழித்து 1500 என்று சொல்லிவிடலாம். பள்ளிப் புத்தகத்தில் இந்தப் பெயர்கள் இல்லையென்றால் என்ன, வீட்டில் தாத்தா பாட்டியைக் கேட்டால் இன்னும் நாலு சொல்வார்கள்.

அடுத்து, பத்தின் இடம் இரண்டிலும் ஒரே இலக்கமாக இருந்து கடைசி இலக்கங்கள் கூட்டினால் பத்து வருவது. 84 × 86-இல் எட்டையும் அதற்கடுத்த ஒன்பதையும் பெருக்கி 72, பிறகு நாலாறு 24, விடை 7224. ஏன் வருகிறது என்று ஒரு தரம் புரிந்துகொண்டால் மறக்காது. ஆறையும் நாலையும் சேர்த்தால் ஒரு பத்து. அந்தப் பத்தை ஒரு எண்பதோடு சேர்த்துவிட்டால் 80 × 90, மிச்சம் 4 × 6. ஐந்தில் முடியும் எண்ணின் வர்க்கமும் இதே கதைதான். 65-இன் வர்க்கம் 42-ஓடு 25 சேர்த்து 4225. மாட்டிக்கொள்ளும் இடம் 81 × 89. 72-க்குப் பின்னால் வெறும் 9 போட்டு 729 என்று எழுதிவிடுவார்கள். பின்பகுதிக்கு எப்போதும் இரண்டு இடம் உண்டு, விடை 7209. இதையே தலைகீழாகவும் பார்க்கலாம். கடைசி இலக்கம் இரண்டிலும் ஒரே இலக்கமாக இருந்து பத்தின் இடங்கள் கூட்டினால் பத்து வந்தால், 43 × 63-இல் நாலாறு 24-ஓடு அந்த 3-ஐக் கூட்டி 27, பிறகு மூன்றின் வர்க்கம் 09, விடை 2709.

59 × 61 போன்றவை சுலபம்: 60-இன் வர்க்கம் 3600, அதில் ஒன்றின் வர்க்கமான 1 குறைவு, 3599. நூறுக்குப் பக்கத்தில் உள்ளவற்றில் 97 × 88-க்குக் குறைவுகள் 3, 12. 88-இல் மூன்று போனால் 85, குறைவுகளின் பெருக்கல் 36, விடை 8536. ஒன்று நூறுக்கு மேலே, ஒன்று கீழே என்றால் கடைசியில் கழிக்க வேண்டும்: 97 × 106-க்கு 97-ஓடு 6 கூட்டி 103, அதாவது 10300, அதில் மூவாறு 18 போய் 10282. இவற்றை "வேதக் கணிதம்" என்று பெரிய கட்டணம் வாங்கிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். உள்ளே இருப்பது எட்டாம் வகுப்பு இயற்கணிதம்தான், பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பாடத்தை ஒரு தடவை படித்துப் பாருங்கள். அபாகஸ் படித்த பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தலில் நல்ல வேகம் இருக்கிறது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அட்டையைக் காட்டினால் அவர்களும் மற்றவர்களைப் போலத்தான் முழிக்கிறார்கள்.

கூட்டலை இடமிருந்து வலமாகப் போடப் பழகுங்கள். 487 + 368 என்றால் 787, 847, 855. விடையை எழுதுவது இடமிருந்துதானே, மனதும் அந்தப் பக்கமே போகட்டும்.

பயிற்சிக்குத் தனி நேரம் இல்லை என்பவர்களுக்கு பஸ் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் சிலர் புதுச்சேரிக்கு வகுப்புக்குப் போய் வருகிறார்கள். ஆல்பேட்டை தாண்டி அரியாங்குப்பம் வருவதற்குள் டிஎன் 31, பிஒய் 01 என்று எத்தனை வண்டி! நாலு இலக்க எண்ணை இரண்டாகப் பிரித்துப் பெருக்குவது விளையாட்டு. 3852 வந்தால் 38 × 52. இரண்டுக்கும் நடுவில் 45, இரண்டு பக்கமும் 7 தூரம். 45-இன் வர்க்கம் 2025-இல் 7-இன் வர்க்கம் 49 போனால் 1976. சரிதானா என்று ஒன்பதால் வகுத்தால் வரும் மீதியை வைத்துப் பார்க்கலாம்: 38-க்கு 2, 52-க்கு 7, பெருக்கினால் 14, மீதி 5. 1976-இன் இலக்கங்கள் கூட்டினால் 23, மீதி 5. ஆனால் அவசரத்தில் 1967 என்று இலக்கம் மாற்றி எழுதியிருந்தாலும் இந்தச் சோதனை "சரி" என்றே சொல்லும். பதினொன்றின் மீதி அதைப் பிடித்துவிடும்: 38-க்கு 5, 52-க்கு 8, பெருக்கல் 40, மீதி 7. 1976-ஐக் கடைசியிலிருந்து கூட்டிக் கழித்தால் 6 − 7 + 9 − 1, அதுவும் 7. 1967-க்கு 9 வரும்.

கலந்துகொள்ளும் போட்டியின் விதியை முன்கூட்டியே வாங்கிப் படியுங்கள், ஏனென்றால் எதை விடலாம் என்பதை விதிதான் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலப் பள்ளிகளுக்கு நம்பர் சென்ஸ் என்றொரு போட்டி உண்டு. பத்து நிமிடத்தில் 80 கேள்வி, விடையைத் தவிர வேறெதுவும் எழுதக் கூடாது. சரியான விடைக்கு 5 மதிப்பெண். தவறுக்கு மட்டுமல்ல, கடைசியாகப் போட்ட கணக்குக்கு முன்னால் விட்டுவிட்டுப் போன கேள்விக்கும் 4 குறையும். அங்கே தாவித் தாவிச் சுலபமானதைப் பொறுக்கினால் நஷ்டம். நம் ஊரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உதவித்தொகைக்காக எழுதும் என்எம்எம்எஸ் தேர்வில் ஒவ்வொரு தாளுக்கும் 90 நிமிடம், 90 கேள்வி, நெகட்டிவ் மார்க் கிடையாது. அங்கே தாவுவதுதான் புத்திசாலித்தனம்.

அந்த டெக்சாஸ் தாளில் ஒவ்வொரு பத்தாவது கேள்வியும் உத்தேச விடைக்கானது, 5 சதவீதம் முன்னே பின்னே இருந்தாலும் மதிப்பெண் உண்டு. மாதிரித் தாள் இணையத்தில் கிடைக்கிறது, அந்தக் கேள்விகளை மட்டுமாவது போட்டுப் பாருங்கள். 1429 × 349 என்று வைத்துக்கொள்வோம். 1429 ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஏழில் ஒன்று. 349-ஐ ஏழால் வகுத்தால் ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவு, ஆக ஐந்து லட்சம் என்று எழுதிவிட்டு நகரலாம். சரியான விடை 498721.

கீழே உள்ள ஆறையும் விடை போடாமல் வழியை மட்டும் சொல்லிப் பாருங்கள். ஒன்று நேராகப் போட வேண்டியது. இன்னொன்றுக்கு 37 × 3 = 111 என்பது ஞாபகம் வர வேண்டும்.

72 × 78, 56 × 125, 37 × 54, 46 × 73, 96 × 93, 34 × 74.