சீட்டைக் காட்டிக்கொண்டே சீட்டாடுவது

ஹார்த்ஸ்டோன் என்ற கணினிச் சீட்டாட்டத்தை நேரலையில் ஒளிபரப்புகிறேன் என்றால் "சீட்டாட்டம்தானே" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். நம் முறை வந்தால் ஆட 75 விநாடி. அதற்குள் கணக்குப் போட வேண்டும், போட்ட கணக்கை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், "அண்ணா, அந்தச் சீட்டை ஏன் இறக்கவில்லை?" என்பவருக்குப் பதிலும் தர வேண்டும். எதிராளியே நம் நேரலையைத் திறந்துவைத்து, நம் கையைப் பார்த்து ஆடுகிற அற்பத்தனமும் உண்டு. அதனால் பலர் ஒளிபரப்பைத் தாமதமாகவே விடுகிறார்கள். கேள்வி வந்து சேரும்போது ஆட்டமே முடிந்திருக்கும்!

போட்டி என்றால் எனக்கு இன்னும் பிடிக்கும். ஆளுக்கு நான்கு கட்டுகள். ஒரு கட்டுக்கு 30 சீட்டு. நம் கட்டுகளில் ஒன்றை எதிராளி தடை செய்துவிடுவார். அதன் பிறகு கண் அவர் கையில் கவிழ்ந்திருக்கும் சீட்டுகளின் மேல்தான் இருக்கும். புதுச் சீட்டு எப்போதும் ஒரே ஓரத்தில் வந்து சேரும். மறு ஓரத்தில் முதல் சுற்றிலிருந்தே ஒரு சீட்டு அசையாமல் கிடந்தால், எதற்காகவோ பத்திரப்படுத்துகிறார் என்று பொருள். அது என்னவென்று ஊகிப்பதில்தான் ஆட்டமே இருக்கிறது.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இதே ஆட்டத்தில் இந்தியாவின் தீர்த் மேத்தா வெண்கலம் வென்றார். காட்சிப் போட்டி என்பதால் பதக்கப் பட்டியலில் அது சேரவில்லை. மறு ஆண்டே சீனாவின் லி சியாவ்மெங் என்ற பெண் உலகப் பட்டத்தைத் தட்டிச் சென்றார். பெண்களுக்கு இது சரிப்படாது என்று பேசியவர்களை அதற்குப் பிறகு காணோம் என்று எழுத ஆசைதான். இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.